தடையில்லா மின்சாரம்: எந்தக் கருவிக்கு எந்தக் காவல்?

காலத்தின் சிற்றளவு எது என்று கேட்டால், கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் நம் முன்னோர் காட்டினர். எழுத்தின் ஒலி அளவாகிய மாத்திரைக்குத் தொல்காப்பியம் கூறும் இலக்கணமும் அதுவே. மொழிக்கும் செய்யுளுக்கும் அந்த அளவு போதும். நாம் இன்று மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் கணிப்பொறிக்கு அது போதாது. நம் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் சுற்றுகிறது. அதாவது, ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. ஒருமுறை கண் இமைக்க 300 மில்லி நொடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள் மின்சாரம் பதினைந்து சுற்றுகளை முடித்து விடுகிறது. கணிப்பொறியோ ஓரிரு சுற்றுகள் வராமற் போனாலே நின்றுவிடும். "விளக்கு ஒருமுறை சிமிட்டியது" என்று நாம் பொருட்படுத்தாமல் சொல்லும் அந்தச் சிமிட்டலில், ஒரு மணி நேரம் தட்டச்சு செய்த பக்கங்கள் அழிந்து போயிருக்கும்.

அத்தகைய நேரத்தில் கைகொடுப்பதற்காக அமைந்ததே தடையில்லா மின்வழங்கி. யு.பி.எஸ். என்னும் மூன்றெழுத்துப் பெயரால் அதனைப் பட்டிதொட்டியெங்கும் அறிவர். கடைக்குச் சென்றால், "600 போதுமா, 1000 வேண்டுமா?" என்னும் கேள்வியே முதலில் வரும். அடுத்து வருவது விலை. இவ்விரண்டுக்கும் முன்பாக நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு உள்ளன. நம் கருவி மின்சாரமின்றி எவ்வளவு நேரம் பொறுத்திருக்கும்? நம் ஊர் மின்சாரத்திற்கு என்ன நோய்? இவற்றுக்கு விடை தெரிந்தால், எந்த வகை யு.பி.எஸ். வேண்டும் என்பது தானே விளங்கும். அதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் விசைத்தறி ஊர். என் தந்தையார் தறி ஓட்டுகிறார். தாயார் தார் சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவரும் இல்லை. "இயற்பியல் படித்து என்ன செய்வாய்?" என்று எங்கள் தெருவில் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு விடை வேண்டுமல்லவா? அவ்விடைகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

மின்சாரத்தின் நோய்கள்

மின்சாரம் "இருக்கிறது" அல்லது "இல்லை" என இரண்டே நிலைகளைத்தான் நாம் பொதுவாக அறிவோம். கருவிகளின் நோக்கில் பார்த்தால் நோய்கள் பல.

முதலாவது, முழுத் தடை. மாதாந்திரப் பராமரிப்புக்காக முன்னறிவிப்புடன் நிறுத்துவதும் உண்டு. மரக்கிளை விழுந்து நிற்பதும் உண்டு. 2012 ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியாவின் மின்தொகுப்புகள் அடுத்தடுத்துச் செயலிழந்து கோடிக்கணக்கான மக்கள் இருளில் மூழ்கியது நாடறிந்த செய்தி.

இரண்டாவது, மின்னழுத்தத் தாழ்வு. நமக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ட். மோட்டார் ஒன்று புறப்படும்போது, அது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் அதே கம்பியில் உள்ள மற்ற வீடுகளில் அழுத்தம் சரியும். நீரேற்று மோட்டார்கள் நிறைந்த ஊர்களிலும், எங்கள் ஊரைப் போன்ற தறி ஊர்களிலும் இது அன்றாட நிகழ்ச்சி.

மூன்றாவது, மின்னழுத்த உயர்வு. இரவு நெடுநேரம் கழித்துப் பளு குறையும்போது அழுத்தம் ஏறும். இதைவிடக் கொடியது நியூட்ரல் கம்பி அறுந்து போவது. அப்போது இருவேறு பேஸ்களில் உள்ள வீடுகள் ஒன்றுக்கொன்று தொடராக இணைந்துவிடுகின்றன. இரு பேஸ்களுக்கு இடையே உள்ள அழுத்தம் ஏறத்தாழ 400 வோல்ட். பளு குறைவாக உள்ள வீட்டின் பக்கம் அதில் பெரும்பங்கு வந்து சேரும். ஒரே இரவில் ஒரு தெருவின் தொலைக்காட்சிப் பெட்டிகளெல்லாம் கருகிப் போவது இவ்வாறுதான்.

நான்காவது, மின்துடிப்பு. இடி மின்னலின்போதும், பெரிய இயந்திரங்களை நிறுத்தும்போதும் மில்லி நொடியினும் மிகக் குறைந்த நேரத்திற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து மறையும்.

ஐந்தாவது, அதிர்வெண் மாற்றம். மின்தொகுப்பிலிருந்து வரும் மின்சாரத்தில் இது மிகச் சிறிது. ஆனால் சிறு டீசல் ஜெனரேட்டரில் ஓடும் இடங்களில், பளு ஏற இறங்க அதிர்வெண்ணும் 50-ஐ விட்டு விலகும்.

கருவிகளின் பொறுமை

இனிக் கருவிகளின் பக்கம் வருவோம். மனிதர்களைப் போலவே கருவிகளுக்கும் பொறுமை வேறுபடும்.

மின்விசிறிக்குப் பொறுமை மிகுதி. அரை நொடி மின்சாரம் நின்றாலும், சுற்றிய வேகத்திலேயே அது சுற்றிக்கொண்டிருக்கும். விளக்கு நின்றால் நாம் இருட்டில் சிறிது காத்திருப்போம், விளக்குக்குக் கேடில்லை.

என் தந்தையாரின் தறி நின்றால், நாடா பாதி வழியில் நிற்கும், கூலியும் நிற்கும். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு மின்தடை என்பது வருமானத் தடை. ஆயினும் தறிகளுக்கு யு.பி.எஸ். வைப்பது கட்டுப்படியாகாது. வரிசையாகத் தறி ஓட்டும் மோட்டார்களை மணிக்கணக்கில் பாட்டரியில் ஓட்டுவதற்கு ஆகும் செலவைத் துணி விற்ற பணம் ஈடு செய்யாது. ஆகவே தறி காத்திருக்கும், அவரும் காத்திருப்பார்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பு மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். அப்பெட்டியின் சுவர்களுக்குள் நீர் உறைந்து பனிக்கட்டியாக நிற்கிறது. பனிக்கட்டி உருகுவதற்குப் பெருமளவு உள்ளுறை வெப்பம் தேவை என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? அந்த உள்ளுறை வெப்பமே அங்கு காவலாளி. 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே குளிர் நிலைத்து நிற்கும் வகையில் அதனை அமைத்துள்ளனர். அதற்கு வேண்டியது யு.பி.எஸ். அன்று, அழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசரே. விலையுயர்ந்த பொருளுக்கெல்லாம் யு.பி.எஸ். வேண்டும் என்னும் எண்ணம் சரியன்று என்பதற்கு இது சான்று.

கணிப்பொறியின் நிலை வேறு. அதன் மின்வழங்கிப் பகுதியில் உள்ள மின்தேக்கிகள் சிறிது மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றபின் அச்சேமிப்பு பொதுவாக 10 முதல் 20 மில்லி நொடி வரை தாக்குப்பிடிக்கும். இதுவே கணிப்பொறியின் பொறுமை. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், மேலே வரும் வேறுபாடுகள் யாவும் எளிதில் புரியும்.

பெட்டிக்குள் இருப்பது

எவ்வகை யு.பி.எஸ். ஆயினும் அதற்குள் இன்றியமையாத உறுப்புகள் மூன்று. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக மாற்றும் அலைதிருத்தி. அதனைச் சேமிக்கும் பாட்டரி. சேமித்ததை மீண்டும் மாறுதிசை மின்சாரமாக்கும் இன்வர்ட்டர். நான்கு டையோடுகளைக் கொண்டு முழு அலைதிருத்தி அமைக்கும் செய்முறையை இவ்வாண்டு எங்கள் ஆய்வகத்தில் செய்தோம். தேர்வுக்கான ஒரு பயிற்சியாகவே அதனைக் கருதியிருந்த நான், யு.பி.எஸ். பெட்டியின் மின்சுற்றுப் படத்தைப் பார்த்தபோது அதே நான்கு டையோடுகள் அங்கே நிற்பதைக் கண்டு வியந்தேன்.

இம்மூன்று உறுப்புகளும் எந்த நேரத்தில் வேலை செய்கின்றன என்பதில்தான் வகைகள் வேறுபடுகின்றன. சிலவற்றில் இன்வர்ட்டர் அழைத்தால்தான் எழும். சிலவற்றில் அது உறங்குவதே இல்லை.

முதல் வகை: ஆஃப்லைன்

இதனைக் காத்திருக்கும் வகை எனலாம். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நன்றாக இருக்கும் வரை, அது ஏறத்தாழ அப்படியே கருவிக்குச் சென்றுவிடும். பாட்டரி ஓரத்தில் மின்னேற்றம் பெற்றுக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால், அல்லது அழுத்தம் குறித்த எல்லைக்குக் கீழே சரிந்தால், ரிலே என்னும் மின்காந்த இணைப்பான் சட்டென்று இடம் மாறி இன்வர்ட்டரைக் கருவியுடன் இணைக்கும். இந்த மாற்றத்திற்கு ஆகும் நேரம் பொதுவாக 4 முதல் 10 மில்லி நொடி. கணிப்பொறியின் பொறுமை 10 முதல் 20 மில்லி நொடி என்றோம். ஆகவே கணிப்பொறி இத்தடையை உணராது தப்பிவிடுகிறது.

விலை குறைவு, எடை குறைவு, வீணாகும் மின்சாரமும் குறைவு என்பன இதன் நன்மைகள். மின்சாரம் பெரும்பாலும் சீராக வந்து எப்போதாவது மட்டும் நிற்கும் ஊர்களில், வீட்டுக் கணிப்பொறிக்கு இது போதும். அழுத்தம் தாழ்வதையும் உயர்வதையும் இது திருத்தாது என்பது இதன் குறை. எல்லையைக் கடந்தால் பாட்டரியை நாடுவது ஒன்றே இதற்குத் தெரிந்த வழி.

இரண்டாம் வகை: லைன் இன்டராக்டிவ்

மேற்கூறிய குறையை நீக்க எழுந்ததே இவ்வகை. இதில் பல முனைகளைக் கொண்ட ஓர் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் உள்ளது. அழுத்தம் தாழ்ந்தால் ஒரு முனை உயர்த்தித் தரும். ஏறினால் வேறொரு முனை தாழ்த்தித் தரும். எடுத்துக்காட்டாக, 15 விழுக்காடு உயர்த்தும் முனை எனில், 190 வோல்ட் வந்தாலும் கருவிக்கு 218 வோல்ட் கிடைக்கும். பாட்டரி தொடப்படவே இல்லை என்பதுதான் இங்குக் கவனிக்கத்தக்கது. மின்சாரம் அறவே நின்றாலோ, முனைகளால் திருத்த இயலாத அளவுக்கு அழுத்தம் விலகினாலோ மட்டுமே பாட்டரி வேலைக்கு வரும். அதற்கு ஆகும் நேரமும் சில மில்லி நொடிகளே.

இவ்வேறுபாட்டின் பயனை எங்கள் ஊரிலேயே கண்டேன். என் பெரியப்பா மகன் ஊரில் ஓர் இ-சேவை மையம் நடத்துகிறார். பெரியம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் பெற்ற கடன்தான் அதன் முதலீடு. வருமானச் சான்று, சாதிச் சான்று, கல்லூரிச் சேர்க்கை, தேர்வாணைய விண்ணப்பம் என ஊரார் அனைவரும் அங்குதான் செல்வர். என் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்ததும் அந்த மேசையிலேதான். விண்ணப்பத்தின் கடைசி நாளில் படிவம் பாதியில் நின்றுபோனால், ஒரு பிள்ளையின் ஓராண்டே போய்விடக்கூடும். ஆகவே மையத்தைத் திறந்தபோதே அண்ணன் யு.பி.எஸ். வாங்கி வைத்தார். அது ஆஃப்லைன் வகை. ஓராண்டு முடிவதற்குள் அதன் பாட்டரி உப்பிப் போயிற்று. வேறு பாட்டரி போட்டார்; அதுவும் நெடுநாள் உழைக்கவில்லை.

"பாட்டரியே சரியில்லை, நல்லதாக ஒன்று சொல்" என்று என்னிடம் கேட்டார். மின்பணியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மையத்தின் அழுத்தத்தை அளந்து குறித்தோம். தறிகள் முழு மூச்சில் ஓடும் வேளைகளில் அது பலமுறை 190 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. மின்சாரம் நிற்காத நாளிலும் யு.பி.எஸ். நாள் முழுதும் பாட்டரிக்குத் தாவுவதும் மீள்வதுமாக இருந்தது. பாட்டரி ஓய்வின்றி வடிந்து நிரம்பித் தேய்ந்ததற்குக் காரணம் அதுவே. எங்கள் ஊரின் நோய் தடையன்று, தாழ்வு. அதற்கு உரிய மருந்து லைன் இன்டராக்டிவ் வகை. அண்ணனும் அதனையே வாங்கினார். விலை சற்றுக் கூடுதல்தான். ஆயினும் ஒரு பாட்டரிக்கு ஆகும் செலவை நோக்க, அந்தக் கூடுதல் பெரிதன்று. இப்போது தறிகள் ஓடும் வேளையில் அப்பெட்டிக்குள் 'டக்' என்று முனை மாறும் ஓசை மட்டும் கேட்கிறது. பாட்டரிக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது.

மூன்றாம் வகை: ஆன்லைன்

இதனை இரட்டை மாற்று வகை என்றும் கூறுவர். வெளியிலிருந்து வரும் மின்சாரம் இதில் நேரே கருவிக்குச் செல்வதே இல்லை. முதலில் அலைதிருத்தி அதனை நேர்திசை மின்சாரமாக்குகிறது. அங்கிருந்து இன்வர்ட்டர் அதனைப் புதிய மாறுதிசை மின்சாரமாக வடிக்கிறது. கருவி எந்நேரமும் இன்வர்ட்டரின் மின்சாரத்தையே உண்கிறது. பாட்டரி இடையில் உள்ள நேர்திசைப் பகுதியோடு இணைந்திருக்கிறது. வெளி மின்சாரம் நின்றால் பாட்டரி அவ்விடத்தை நிரப்பும். இன்வர்ட்டர் தன் வேலையைத் தொடரும். ரிலே இடம் மாற வேண்டியதில்லை. மாற்ற நேரம் சுழியம்.

ஆற்று நீரை நேரே வீட்டுக்கு விடுவதற்கும், தொட்டியில் ஏற்றித் தொட்டியிலிருந்து விடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆற்றில் வெள்ளமோ வறட்சியோ, தொட்டியில் நீர் உள்ளவரை குழாயில் வருவது மாறாது. அழுத்தத் தாழ்வு, உயர்வு, அதிர்வெண் மாற்றம் ஆகிய எல்லா நோய்களிலிருந்தும் இவ்வகை கருவியைப் பிரித்து வைக்கிறது. மருத்துவமனைகளின் நுண்கருவிகள், வங்கிகளின் வழங்கிக் கணிப்பொறிகள், ஆய்வகப் பகுப்பாய்வுக் கருவிகள் ஆகியவற்றிற்கு இவ்வகையே ஏற்றது. ஜெனரேட்டரை நம்பியுள்ள இடங்களுக்கும் இதுவே பொருந்தும்.

இத்தனை சிறப்புக்கும் விலை உண்டு. பெட்டியின் விலை மட்டுமன்று. ஒவ்வொரு நாளும் தரும் விலையும் உண்டு. மின்சாரத்தை இருமுறை மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகிறது. பயனுறுதிறன் 90 விழுக்காடு எனக் கொள்வோம். 1000 வாட் பளுவுக்கு 1111 வாட் இழுக்க வேண்டும். வீணாகும் 111 வாட் ஒரு நாளில் 2.6 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. 97 விழுக்காடு பயனுறுதிறன் கொண்ட ஆஃப்லைன் வகையில் அதே இழப்பு முக்கால் யூனிட்டு அளவே. வெப்பத்தை வெளியேற்ற விசிறியும் ஓயாது ஓட வேண்டும். வீட்டுக் கணிப்பொறி ஒன்றுக்காக இவ்வகையை வாங்குவது தேவைக்கு மீறிய செலவு.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62040-3 என்னும் தர ஆவணமும் இம்மூன்று வகைகளை இதே அடிப்படையில்தான் பிரிக்கிறது. வெளியேறும் மின்சாரத்தின் அழுத்தமும் அதிர்வெண்ணும் உள்ளே வருவதைச் சார்ந்திருப்பது முதல் வகை. அழுத்தம் மட்டும் சாராதிருப்பது இரண்டாம் வகை. இரண்டுமே சாராதிருப்பது மூன்றாம் வகை. மூன்று வாக்கியங்களில் முழு ஒப்பீடும் அடங்கிவிடுகிறது.

வீட்டு இன்வர்ட்டரும் யு.பி.எஸ்.ஸும்

நம் ஊர்களில் வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் வைக்கும் இன்வர்ட்டரையும் யு.பி.எஸ். என்றே அழைக்கிறோம். 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் இது நம் மாநிலத்து வீடுகளில் பெரிதும் பரவியது. இதன் நோக்கம் நீண்ட நேரம் தாங்குவது. விரைந்து மாறுவது அன்று. மாற்ற நேரம் 10 மில்லி நொடிக்கும் மேலே செல்லலாம். விசிறிக்கு அது பொருட்டே அன்று. கணிப்பொறிக்கு அது வாழ்வா சாவா என்னும் வேறுபாடு. இதனால்தான் பல இன்வர்ட்டர்களின் பின்புறம் 'யு.பி.எஸ்.' என்றும் 'சாதாரணம்' என்றும் இரு நிலைகளுடன் ஒரு சுவிட்ச் வைத்துள்ளனர். கணிப்பொறியும் இணைந்திருந்தால் அது முதல் நிலையில் இருக்க வேண்டும்.

அலையின் வடிவம்

பாட்டரியிலிருந்து எழும் மின்சாரத்தின் அலை வடிவமும் கவனிக்கத்தக்கது. மின்நிலையத்திலிருந்து வருவது சைன் அலை. விலை குறைந்த யு.பி.எஸ். பெட்டிகள் சதுர அலையையோ படிக்கட்டு போன்ற அலையையோ தரும். கணிப்பொறியின் மின்வழங்கி பெரும்பாலும் இதனை ஏற்றுக்கொள்ளும். மோட்டார்களும் டிரான்ஸ்பார்மர்களும் ஏற்காமல் முனகும், சூடேறும். விசிறியில் கேட்கும் 'ம்ம்ம்' என்னும் ஓசை அதன் அறிகுறி. மோட்டார் உள்ள கருவிகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் தூய சைன் அலை தரும் பெட்டியையே கேட்டு வாங்க வேண்டும்.

எண்களைப் படிக்கும் முறை

பெட்டியின் மேல் 600 வி.ஏ. என்று எழுதியிருந்தால் 600 வாட் கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது வி.ஏ. அதனைத் திறன் காரணியால் பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். திறன் காரணி 0.6 எனில், 600 வி.ஏ. பெட்டி தருவது 360 வாட்டே. இதில் லேசர் அச்சுப்பொறியை மாட்டவே கூடாது. மையை உருக்கித் தாளில் பதிக்கும் அதன் சூடேற்றி, நூற்றுக்கணக்கான வாட் மின்திறனைத் திடீர் திடீரென இழுக்கும்.

அடுத்து, எவ்வளவு நேரம் தாங்கும் என்னும் கணக்கு. இத்தகைய பெட்டியில் பொதுவாக உள்ளது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. கணிப்பொறியும் திரையும் சேர்ந்து 100 வாட் எனில் 50 நிமிடம் ஓட வேண்டும் என்று தோன்றும். நடைமுறையில் 20 நிமிடத்தை ஒட்டியே ஓடும். காரணம் என்ன? இன்வர்ட்டரில் ஓர் இழப்பு. அதைவிடப் பெரிய காரணம், 7 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு. அவசரமாக எடுத்தால் பாட்டரி அந்த அளவைத் தராது. இதனை 1897-ஆம் ஆண்டிலேயே பியூக்கர்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்துரைத்தார். ஆகவே யு.பி.எஸ். தரும் நேரம் வேலையைத் தொடர்வதற்கன்று. செய்த வேலையைச் சேமித்து, முறையாக நிறுத்துவதற்கே என்று கொள்வது நலம்.

பாட்டரியைப் பேணுதல்

1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமில மின்கலமே இன்றளவும் பெரும்பாலான யு.பி.எஸ். பெட்டிகளில் உழைக்கிறது. லித்தியம் வகைகள் இப்போது பரவி வருகின்றன. ஈய-அமிலப் பாட்டரியின் முதற் பகை வெப்பம். அதன் ஆயுளை 25 டிகிரி செல்சியஸுக்குக் கணக்கிட்டுக் கூறுவர். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊர்களில், ஓட்டு வீட்டின் மூலையில், சுவரோடு ஒட்டி, மேலே துணி போர்த்தி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றோட்டமான இடத்தில், வெயில் படாமல் வைக்க வேண்டும்.

வீட்டு இன்வர்ட்டரின் பெரிய பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். மின்னேற்றத்தின்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வளி வெளிப்படும். ஆதலால் அதனருகே நெருப்புப் பொறி கூடாது. சுவரில் உள்ள இணைப்பைப் பிடுங்கிவிட்டாலும் யு.பி.எஸ். பெட்டியின் பின்புறத்தில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும் என்பதைச் சிறுவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். உழைத்து ஓய்ந்த பாட்டரியில் ஈயமும் அமிலமும் உள்ளன. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றை முறையாகத் திரும்பப் பெற வழிசெய்கின்றன. குப்பையில் எறியாது கடையிலேயே திருப்பித் தருவது நம் கடமை.

இன்னொன்றும் கூற வேண்டும். நல்ல நிலத்தொடர்பு இல்லாத வீட்டில், மின்துடிப்பை வழிமாற்றி அனுப்ப எந்தப் பெட்டியாலும் முழுமையாக இயலாது. யு.பி.எஸ். வாங்குவதற்கு முன் எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணைத் தொடுகிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பது முதல் வேலை. வாங்கும்போது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணும் ஐ.எஸ். 16242 என்னும் குறியும் பெட்டியில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துக் கொள்வோம்.

மின்சாரம் சீராக வந்து எப்போதேனும் நிற்கும் இடத்தில், வீட்டுக் கணிப்பொறிக்கு ஆஃப்லைன் வகை போதும்.

அழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் ஊரில், சிறு அலுவலகத்திற்கும் சேவை மையத்திற்கும் லைன் இன்டராக்டிவ் வகை வேண்டும்.

ஒரு சுற்றையும் இழக்கக் கூடாத கருவிக்கும், ஜெனரேட்டரை நம்பிய இடத்திற்கும் ஆன்லைன் வகை வேண்டும்.

விளக்குக்கும் விசிறிக்கும் வீட்டு இன்வர்ட்டர் போதும். பொறுக்கும் கருவிக்கு ஸ்டெபிலைசரே போதும். சிலவற்றிற்கு அதுவும் வேண்டுவதில்லை.

விலை மிகுந்ததே சிறந்தது என்று எண்ணி ஏமாறுவதும், விலை குறைந்ததே ஆதாயம் என்று எண்ணி ஏமாறுவதும் ஒன்றே. பலருக்கு ஒரு யு.பி.எஸ். பெட்டி என்பது பல நாள் கூலி. அந்தப் பணத்தைச் செலவிடும் முன் அழுத்தத்தை அளந்து பார்க்கவும், பெட்டியின் மேல் உள்ள எண்களைப் படித்துச் சொல்லவும் ஊருக்கு ஒருவர் இருந்தால் எவ்வளவு பணம் மிஞ்சும்! அந்த ஒருவராக இருக்க முனைவர் பட்டம் தேவையில்லை. நம் ஆய்வகத்தில் கற்ற ஓம் விதியும், நான்கு டையோடுகளும், சிறிது அக்கறையும் போதும். மாணவ நண்பர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் தெருவில் உள்ள ஒரு கடையின், ஒரு தையலகத்தின், ஒரு சேவை மையத்தின் பெட்டியைத் திருப்பி அதன் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே என்ன நோய், என்ன மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் பாடப்புத்தகத்தின் பல பக்கங்களை அங்கே காணலாம்.